டெல்டா வீட்டுப் பந்தலுக்கு எந்தப் பூக்கொடி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஒரு கிராமம், களிமண் பூமி. கொல்லையில் 20 அடி நீளத்துக்கு இரும்புப் பைப் போட்டு ஒரு பந்தல் தயாராக இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே பீர்க்கு, பாகல், புடலை ஏற்றிய காய்கறிப் பந்தல். பூ நிறைய வருகிறது, பிஞ்சுதான் வெம்பி விழுந்துவிடுகிறது. தேனீயைக் கண்ணால் பார்த்தே நாளாகிறது. வேகமாகப் படர்ந்து, நிறையப் பூத்து, தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரவழைக்கிற கொடி எது, எப்படி வைப்பது? காகிதப்பூ நன்றாக இருக்குமா, சங்குப்பூ போதுமா? மாடியில் டிரம்மில் வைத்தால் வருமா?

ஒரே வரியில் பதில் வேண்டுமானால்: இரும்புப் பந்தலுக்கு ஒற்றை அடுக்கு ரங்கூன் மல்லி, காய்கறிப் பந்தலின் வேலியோரம் சங்குப்பூ. காகிதப்பூ உங்கள் காரியத்துக்கு ஆகாது. ஆனால் டெல்டாவில் ஒரு கொடியை வளர வைப்பது பெரிய விஷயமே இல்லை. தண்ணீரும் வண்டலும் வெயிலும் இருக்கிற ஊரில் குச்சியை ஊன்றினாலே கொடி ஓடும். யாருக்குச் சோறு போட அதை வளர்க்கிறோம், எந்த இடத்தில் அதை நிறுத்துகிறோம் என்ற இரண்டும்தான் கவனம் எடுக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிஞ்சு. விழுந்த பிஞ்சு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியிலிருந்து மஞ்சள் பூத்து, சுருங்கி, தோலில் எந்தக் காயமும் இல்லாமல் இருந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். ஊசியால் குத்தியது போல ஒரு புள்ளி, அதில் பிசின் மாதிரி ஒரு துளி கசிந்து காய்ந்திருக்கிறது, நறுக்கினால் உள்ளே வெள்ளைப் புழு என்றால் அது பழ ஈயின் வேலை. அதற்குத் தேனீ வந்தும் பயனில்லை. விழுந்ததையெல்லாம் பொறுக்கி ஒரு பாலிதீன் பையில் போட்டு, வாயைக் கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள். உரக்கடையில் கியூலூர் பொறி (ஆண் பழ ஈயை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) கேட்டு வாங்கி ஒன்றிரண்டு கட்டுங்கள். கொடி ஏறிய புதிதில் முதலில் ஆண்பூவாகத்தான் தள்ளும் என்பதையும் மனதில் வையுங்கள். அந்தப் பூக்கள் உதிர்வது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

காயமில்லாமல் வெம்புகிற பிஞ்சுதான் என்றால், பூ எப்போது விரிகிறது என்று பாருங்கள். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பாகல் விடியற்காலையில் விரியும், காலைத் தேனீ அதற்குப் போதும். பீர்க்கு சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு மேல்தான் மஞ்சளாக மலரத் தொடங்கும். புடலையும் சுரையும் பொழுது சாய்ந்து வெள்ளையாகப் பூக்கும். புடலைப் பூவின் ஓரத்தில் நூல் நூலாகத் தொங்குகிறதே, அது இருட்டில் அந்துப்பூச்சிக்குத் தெரிவதற்கான அடையாளம் என்பார்கள். ஆக உங்கள் காய்கறிப் பந்தலில் இரண்டு ஷிப்டு ஓடுகிறது. பகல் ஷிப்டுக்குத் தேனீ வேண்டும். இரவு ஷிப்டுக்கு அந்துப்பூச்சி வேண்டும். தேனீயை மட்டும் வரவழைத்தால் பாகல் காய்க்கும், புடலை அப்படியே நிற்கும். இரண்டு ஷிப்டுக்கும் தீனி வைக்கிற ஒரு கொடி நம் ஊரில் உண்டு என்பதால்தான் ரங்கூன் மல்லியைச் சொல்கிறேன்.

அதன் பூவை ஒரு மூன்று நாள் தொடர்ந்து பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். சாயங்காலம் வெள்ளையாக விரியும். அந்த இரவு வாசனை தூக்கும். மறுநாள் காலை அதே பூ இளஞ்சிவப்பு. அதற்கடுத்து நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்குவது அதனால்தான், மூன்று விதப் பூ அல்ல. பூவின் அடியில் விரல் நீளத்துக்கு மெல்லிய குழாய் ஒன்று இருக்கும், தேன் அதன் அடியில். இந்த ஆழத்துக்கு எட்டுகிற நாக்கு பருந்து அந்துப்பூச்சிக்குத்தான் உண்டு. மாலை மங்கியதும் கொடிக்கு எதிரே நின்று பாருங்கள்: பூவில் உட்காராமல், காற்றில் ஒரே இடத்தில் நின்றபடி இறக்கை படபடக்க, சுருட்டி வைத்திருந்த நாக்கை நீட்டிக் குழாய்க்குள் விடும். பறவையோ என்று தோன்றும் அளவுக்குப் பெரிய உடம்பு. பகலில் நிறம் ஏறிய பூக்களுக்குத் தேனீயும் தேன்சிட்டும் வரும். வெள்ளையில் ஒரு கூட்டம், சிவப்பில் இன்னொரு கூட்டம் என்று ஒரே செடி பிரித்துப் பந்தி வைக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. நர்சரிகளில் இப்போது அடுக்குப் பூ ரகம் நிறைய வைத்திருக்கிறார்கள். பார்க்கக் கொத்துக் கொத்தாக அழகாகத்தான் இருக்கும். இதழ் அடைத்துக்கொண்டிருப்பதால் பூச்சிக்கு வழி குறைவு. உங்களுக்கு வேண்டியது ஐந்து இதழ் கொண்ட பழைய ஒற்றை ரகம். அதை விலை கொடுத்து வாங்கக்கூட வேண்டாம். டெல்டாவில் பழைய ஓட்டு வீடு, பள்ளிக்கூட வாசல், ஸ்டேஷன் பக்கம் என்று எங்காவது ஒன்று கட்டாயம் இருக்கும். பூத்திருக்கும்போது ஒற்றையா அடுக்கா என்று பார்த்து வைத்துக்கொண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் இந்தக் கொடி அபூர்வமாகத்தான் காய் பிடிக்கும் என்பதால் விதையைத் தேட வேண்டாம். பென்சில் கனத்துக்கும் கொஞ்சம் கூடுதலான முற்றிய தண்டை ஒரு முழத்துக்கும் குறைவாக வெட்டி, மூன்று கணு இருக்கும்படி, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு ஊன்றலாம். அதைவிட நம்பகமானது பதியம். தாழ்வாக ஓடும் கிளை ஒன்றைத் தரையோடு வளைத்து, கணுவின் அடியில் லேசாகச் சீவி, மண் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் வேர் விட்டதும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். தாய்ச்செடியைச் சுற்றி வேரிலிருந்து தானே கிளம்பும் கன்றையும் தோண்டி எடுக்கலாம்.

மற்ற கொடிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்.

காகிதப்பூவில் நாம் பூ என்று நினைக்கிற நிறம் முழுக்க இலைதான். நடுவில் இருக்கிற சின்ன வெள்ளைக் குழாய்தான் பூ. அவ்வப்போது ஒரு வண்ணத்துப்பூச்சி வரும், அவ்வளவுதான். வேலிக்கு நல்லது, உங்கள் காய்க்கு உதவாது.

சங்குப்பூ நல்ல கொடி, ஆனால் 20 அடிப் பந்தலை மூடும் தெம்பு அதற்கு இல்லை. பயறு வகையைச் சேர்ந்தது என்பதால் வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். பூ தலைகீழாக அமைந்திருப்பதால் உள்ளே நுழையும் தேனீயின் முதுகில் மகரந்தம் ஒட்டும். விதைத்தோல் கெட்டி. ஒரு பக்கம் லேசாகத் தரையில் உரசி, ஒரு ராத்திரி ஊறவைத்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும். பீர்க்குப் பந்தல் காலில் நாலைந்து போட்டுவிடுங்கள்.

இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் ஆன்டிகோனன் என்ற கொடி ஒன்றைச் சிலர் சிபாரிசு செய்வார்கள், கொடி ரோஜா என்று கேட்டால் கொடுப்பார்கள். தேனீ என்று மட்டும் பார்த்தால் அதற்கு இணை குறைவு, காலையில் கொடியே ரீங்காரமிடும். ஆனாலும் உங்கள் ஊருக்கு நான் சொல்ல மாட்டேன். மெக்சிகோவிலிருந்து வந்த கொடி அது. மண்ணுக்குள் கிழங்கு வைக்கும், மேலே எத்தனை முறை வெட்டினாலும் கிழங்கிலிருந்து திரும்ப எழும். விதை தண்ணீரில் மிதந்து போகும். வாய்க்காலுக்கு வாய்க்கால் தண்ணீர் கைமாறுகிற பூமியில், உங்கள் கொல்லையில் வைத்தது அடுத்த ஊர் படுகையில் மரத்தை மூடிவிடும். தேனீ வருகிறது என்பதற்காக ஆற்றங்கரையைக் கொடுக்க முடியாது.

நம் மண்ணின் கொடியாகவே வேண்டும் என்றால் குருக்கத்தி இருக்கிறது, மாதவிக்கொடி என்பதும் அதுதான். மாசி, பங்குனியில் வெள்ளையும் மஞ்சளுமாக ஓரம் கிழிந்த இதழோடு மணக்கப் பூக்கும். கருவண்டு விரும்பி வரும். ஆனால் அது மரத்தை வளைக்கிற கொடி, தண்டு வருஷத்துக்கு வருஷம் பருக்கும். இரும்புப் பந்தலில் ஏற்றாதீர்கள், கொல்லைக் கோடியில் ஒரு பெரிய வேம்போ புங்கோ இருந்தால் அதன் பக்கத்தில் வையுங்கள். செங்காந்தளை ஆசைக்கு வைக்கலாம், நம் மாநிலப் பூ. ஆனால் கிழங்கு முதல் விதை வரை விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம் என்பேன். அதை விதைக்காகப் பயிர் செய்கிறவர்கள் பூப் பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு விடுகிறார்கள். பூச்சியை மட்டும் நம்பினால் விதை குறையும் என்ற அனுபவம்தான் காரணம்.

முல்லையைச் சொல்லாமல் இந்த வட்டாரத்துக் கொடிகளைப் பற்றி எழுத முடியாது. உங்களுக்குப் பக்கத்திலேயே திருக்கருகாவூரில் சுவாமி பெயரே முல்லைவனநாதர், தலமரம் முல்லைக்கொடி. வேதாரண்யம் பக்கத்து மணலில் அதையே தொழிலாக வளர்க்கிறார்கள். முல்லையும் மாலையில் வெள்ளையாக விரிந்து மணக்கிற, அந்துப்பூச்சிக்கான பூதான். ஆனால் நாம் அதை விரிய விடுவதில்லையே. மொட்டாகவே பறித்துத் தொடுத்துவிடுகிறோம். வீட்டில் முல்லை இருந்தால் கைக்கு எட்டாத மேல் கொடியை விட்டுவிட்டுப் பறியுங்கள். அந்தப் பூ இருட்டில் வருகிறவர்களுக்கு.

சரி, நடுவதற்கு வருகிறேன். புத்தகத்தில் இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து, மணலும் எருவும் கலந்து நிரப்பு என்றிருக்கும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம், வல்லத்துச் செம்மண்ணில் அது சரி. உங்கள் களிமண்ணில் அப்படிச் செய்தால் அந்தக் குழி ஐப்பசியில் தொட்டியாகிவிடும். சுற்றிலும் இறுகிய களி, நடுவில் பொலபொலவென்று மண். மழைத் தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கி வெளியே போக வழியில்லாமல் நிற்கும், வேர் அழுகும். கார்த்திகையில் இலை மஞ்சளாகி வாடுகிறது, தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் ஊற்றுவோம். அதனால் குழியை ஒரு அடிக்கு மேல் ஆழமாக்காமல், மேலே ஒரு அடிக்கு மேடு கட்டுங்கள். மேடு மூன்றடி அகலம் இருக்கட்டும். தோண்டிய களியையே உடைத்து, பாதிக்குப் பாதி செம்மண்ணோ மணலோ சேர்த்து, இரண்டு கூடை நன்றாக மக்கிய தொழு உரம் கலந்தால் போதும். கன்றின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், மேட்டின் உச்சியில் நிற்க வேண்டும். மேட்டைச் சுற்றி ஒரு சிறு வடிகால் கீறி, வாய்க்கால் பக்கம் சாய்த்துவிடுங்கள்.

இடம்: நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். நிழலில் இலையாகத்தான் தள்ளும், பூ வராது. சுவரிலிருந்து இரண்டடி, செப்டிக் டேங்கிலிருந்து முடிந்த அளவு தூரம், ஓட்டுக் கூரையிலிருந்து இன்னும் தூரம். பந்தலின் ஒரு மூலையில் ஒரே ஒரு கன்று போதும். 20 அடிதானே, நாலு மூலைக்கு நாலு என்று வைத்தால் இரண்டாம் வருஷம் உள்ளே நடமாட முடியாது.

காலம்: ஆடி நல்லது. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடை வரை வந்து, நிலத்தில் ஈரம் ஏறுகிற சமயம். புரட்டாசிக்குள் வேர் பிடித்துவிட்டால் வடகிழக்கு மழையைத் தாங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் நடவே நடாதீர்கள். ஆடியைத் தவறவிட்டால் தை கழிந்து மாசியில் நட்டு, கோடை முழுக்க வாரம் இரண்டு முறை தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றலாம்.

உரம் விஷயத்தில் கை நீளக் கூடாது. யூரியா கண்ணில் காட்ட வேண்டாம், வயலுக்குப் போட்டதில் மீதி இருக்கிறதே என்று ஒரு பிடி போடுவதும் வேண்டாம். தழைச்சத்து ஏறினால் கொடி இலையும் தண்டுமாகக் கூரை வரை ஓடும், பூ சுருங்கிப்போகும். மாசியில் ஒரு கூடை மக்கிய எரு, ஆடியில் இன்னொன்று, நடுவில் கைப்பிடி அடுப்புச் சாம்பல். அவ்வளவுதான். நன்றாக வேர்விட்ட ரங்கூன் மல்லிக்கு இரண்டாம் வருஷத்துக்கு மேல் கோடையில் மட்டும் தண்ணீர் கொடுத்தால் போதும்.

இது வெற்றிலை மாதிரி வேர்விட்டுப் பற்றுகிற கொடியும் அல்ல, பாகல் மாதிரி சுருள் விட்டுப் பிடிக்கிற கொடியும் அல்ல. முற்றிய தண்டைத் தடவிப் பாருங்கள், கையில் குத்தும். இலை உதிரும்போது காம்பின் அடிப்பகுதி மட்டும் விழாமல் நின்று, இறுகி, கொக்கி முள்ளாகிவிடும். அந்த முள்ளைப் பக்கத்துக் கிளையில் மாட்டித்தான் மேலே ஏறுகிறது. அதனால் முதல் ஆறேழு அடி ஏறும் வரை நீங்கள்தான் கட்டிவிட வேண்டும். வாழை நார் நல்ல கட்டு, தண்டு பருக்கும்போது அது தானாக இற்றுப்போகும். நைலான் கயிறோ கம்பியோ தண்டை அறுத்துவிடும். இரண்டே இரண்டு தண்டை மட்டும் மேலே விட்டு, அடியில் கிளம்பும் மற்றதை நறுக்கிவிடுங்கள். வெட்டுகிற அன்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

பந்தல் எதைத் தாங்க வேண்டும் என்பது மழைநாளில்தான் தெரியும். நனைந்த கொடியின் கனம் வேறு, காற்று வந்தால் மொத்தப் பந்தலும் பாய்மரம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் வேதாரண்யம் முதல் பேராவூரணி, பட்டுக்கோட்டை வரை தென்னையே வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். பைப் கால்கள் இரண்டடி ஆழம் இறங்கி, காங்கிரீட் போட்டிருக்க வேண்டும். வெறும் மண்ணில் குத்தியிருந்தால் கொடி ஏற்றுவதற்கு முன்பே சரி செய்யுங்கள். மூங்கில் கால் இந்த ஈரத்துக்கும் கரையானுக்கும் சில வருஷத்தில் உளுத்துவிடும். ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்துக் கொடிக்கால்களில் வெற்றிலையை அகத்தியில் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உயிருள்ள காலில் கொடி ஏற்றுவது நல்ல முறைதான், ஆனால் ரங்கூன் மல்லியின் கனத்துக்கு அகத்தி தாங்காது, சீக்கிரம் முறியும். வேலியில் ஏற்கெனவே பூவரசு நிற்கிறது என்றால் அதில் ஏற்றலாம். தென்னையில் ஏற்றாதீர்கள், காய் பறிக்க ஏறுகிறவருக்கு ஆபத்து. மின்கம்பி வீட்டுக்குள் வரும் பக்கம் ஒரு கிளைகூடப் போகக் கூடாது.

அப்புறம் வெட்டு. இந்தக் கொடியை வளர்ப்பதில் பாதி அதுதான். புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கொத்து வரும். எனவே வெட்டத் தயங்க வேண்டாம், வெட்டினால் பூ கூடும். வருஷத்துக்கு இரண்டு வெட்டு. மழை ஓய்ந்து, பொங்கல் கழிந்ததும் தையில் பெரிய வெட்டு: முதுகெலும்பு மாதிரி நாலைந்து கனமான கொடியை மட்டும் பந்தல் மேல் விட்டு, மற்றதையெல்லாம் ஒரு முழத்துக்குக் குறைத்துவிடுங்கள். மொட்டையாகத் தெரியும், கவலை வேண்டாம். மாசி, பங்குனியில் தளிர்த்து, சித்திரை முதல் பூக்கத் தொடங்கும். புரட்டாசிக் கடைசியில் இரண்டாவது வெட்டு, இது சின்னது. பூக்கிற நுனிகளை அதிகம் தொடாமல், உள்ளே பின்னிக்கிடக்கும் பழைய கொடியை உருவி எடுத்து, காற்று உள்ளே புகுந்து வெளியே போக வழி செய்வதற்கு. புயல் மாதங்களில் பந்தல் நிற்பது இந்த வெட்டைப் பொறுத்தது. தரையிலிருந்து எழும் வேர்க் கன்றுகளை மாதம் ஒரு தடவை சுற்றிப் பார்த்துக் கிள்ளி எடுங்கள், இல்லாவிட்டால் காய்கறிப் பந்தலுக்குள் வந்து நிற்கும். வெட்டிய தண்டை வாய்க்கால் கரையில் கொட்டாதீர்கள். ஈரத்தில் கிடந்தால் துளிர்த்துக்கொள்ளும். சிமெண்டுத் தரையில் நன்றாகக் காயவைத்து அடுப்புக்கோ மக்குக்குழிக்கோ போடுங்கள்.

பூச்சிக்கு ஏங்கிக் கொடி வைத்துவிட்டு அதே பூச்சிக்கு மருந்தடித்தால் என்ன பயன்? ரங்கூன் மல்லிக்குப் பெரிய நோய் எதுவும் கிடையாது. மாவுப்பூச்சியும் செதிலும் வரும். எறும்பு சாரை ஏறினாலே அது வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஹோஸ் பைப்பில் வேகமாகத் தண்ணீர் அடித்தால் பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, தண்டிலும் இலை அடியிலும் மட்டும். பூவில் படக் கூடாது. பொதுவாகச் சாயங்காலம் அடியுங்கள், அப்போது தேனீ இருக்காது என்பார்கள். இந்தக் கொடிக்கு அந்த யோசனை பொருந்தாது, இரவில் வருகிற கூட்டம் மாட்டிக்கொள்ளும். பூக்காத தை, மாசியில் அடிப்பதுதான் நல்லது.

வயல் மருந்து இன்னொரு கவலை. நெல்லுக்குத் தேனீ தேவையில்லை, ஆனால் தேனீக்கு நெல் தேவைப்படுகிறது. கதிர் பூக்கும் காலை நேரத்தில் மகரந்தம் சேகரிக்க வரும், அந்த நேரம் பார்த்து அடித்தால் கூடே காலியாகும். உங்கள் வீட்டைச் சுற்றிச் சம்பா நிற்கிற மாதங்களில் தேனீ தென்படாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பக்கத்து வயல்காரரிடம் அடிக்கிற அன்று பிற்பகலுக்கு மேல் அடிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், சொன்னால் கேட்கிறவர்கள்தான் நம் ஜனங்கள். தையில் சம்பா அறுத்து, தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் பூக்கும்போது தேனீக்குத் தானாகவே தீனி கிடைக்கும். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கும் இருக்கின்றன. தென்னம்பாளை வருஷம் முழுக்க. பசி காலம் என்பது ஆனியிலிருந்து மார்கழி வரை, எங்கு பார்த்தாலும் நெல் மட்டுமே நிற்கும் நாட்கள். அந்த மாதங்களில் பூத்து நிற்பதுதான் உங்கள் கொடி செய்யப்போகிற பெரிய உதவி.

பூ மட்டும் போதாது, வருகிறவர்களுக்குக் குடியிருக்க இடமும் வேண்டும். கொசுத்தேனீ சுவர் இடுக்கில், பழைய மூங்கிலில் கூடு வைக்கும், கொட்டாது. எங்காவது மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அடைத்துவிடாதீர்கள். கருவண்டு, பட்டுப்போன கிளையில் துளை போட்டுக் குஞ்சு வைக்கும், காய்ந்துபோன முருங்கைக் கிளை ஒன்றை மூலையில் சாத்தி வையுங்கள். கொல்லை முழுக்கச் சிமெண்டு போட்டுவிடாமல் கொஞ்சம் வெறும் மண் இருக்கட்டும், மண்ணில் துளையிட்டு வாழும் தனித் தேனீக்கள் உண்டு. ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தால் கோடையில் நன்றி சொல்லும்.

இதில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று அந்துப்பூச்சியின் புழு. உங்கள் வாசலில் நந்தியாவட்டை அல்லது அரளி இருக்கும். மழைக்காலத்தில் அதன் இலையை விரல் பருமனுள்ள பச்சைப் புழு ஒன்று தின்றுகொண்டிருக்கும். தலைப்பக்கம் நீலமாக இரண்டு கண் போன்ற புள்ளி, வால் பக்கம் ஒரு சின்னக் கொம்பு. பார்த்ததும் நசுக்கத் தோன்றும். அதுதான் இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் பருந்து அந்துப்பூச்சியாகி ரங்கூன் மல்லிக்கு வரப்போகிறது. இலை திரும்பத் தளிர்த்துவிடும், புழுவை விட்டுவிடுங்கள். பந்தலுக்கு நேராக எரியும் எல்.ஈ.டி. விளக்கையும் இரவில் அணைத்துவிடுங்கள், வெளிச்சத்தைச் சுற்றிக்கொண்டே இருந்து பூவை மறந்துவிடும்.

கொடி இந்த ஆடியில் வைத்தால் அடுத்த கோடையில்தான் சொல்லும்படியாகப் பூக்கும். அதுவரை பீர்க்குக்கும் புடலைக்கும் நீங்களே கை கொடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், பூ விரிந்ததும், கொத்தாக வரும் ஆண்பூவில் ஒன்றைப் பறித்து, இதழைப் பிய்த்துவிட்டு, அடியில் சின்னக் காய் தாங்கி நிற்கும் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு விடுங்கள். பாகலுக்குக் காலையில் இதே வேலை. நாலைந்து நாளில் பிஞ்சு பச்சையாகவே நீண்டால் பிடித்துவிட்டது.

மாடி டிரம்மைப் பற்றிக் கேட்டீர்கள். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியிலும் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே பக்கவாட்டிலும் துளை போட்டு வைத்தால் ரங்கூன் மல்லி வரும். ஆனால் மாடிக் காற்றில் பந்தல் நிற்க வேண்டும், நனைந்த மண்ணின் கனத்தைத் தளமும் தாங்க வேண்டும். டிரம்மைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ வரும் இடம் பார்த்து வையுங்கள். கோடையில் தினம் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் மட்டுமே இறங்குங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தையில் வெட்டும்போது வேரையும் ஓரமாகக் கொஞ்சம் அரிந்து, புது மண் போட வேண்டியிருக்கும். கீழே கொல்லை இருக்கிற உங்களுக்கு, மாடியில் சங்குப்பூ போதும். அதற்கு ஒரு அடி ஆழத் தொட்டியும் நாலு நூல் கயிறும் இருந்தால் சரி.